வாசகர் கேள்வி – பதில்: வெயிலில் அணைந்துபோகும் கார் ஏசி பேனல்

கேள்வி: என் காருக்கு 11 வயதாகிறது. வேண்டிய வெப்பநிலையை எண்ணில் வைத்துவிட்டால் தானே குளிரைச் சரிசெய்துகொள்ளும் தானியங்கி ஏசி அதில் உள்ளது. காலையில் ஒரு குறையும் தெரிவதில்லை. மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் ஏசி பேனலின் திரை அணைந்து, காற்று வருவதும் நின்றுவிடுகிறது. பேனலின் ஓரத்தில் தட்டினால் சில சமயம் மீண்டும் வேலை செய்கிறது. பேனலையே மாற்ற வேண்டும் என்று பணிமனையில் சொல்கிறார்கள்; அதன் விலை என் ஒரு மாத ஊதியத்தை நெருங்குகிறது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் பழுதுபார்க்க இயலாதா? ரேடியோ, மிக்ஸி போன்றவற்றில் சால்டரிங் செய்த பழக்கம் எனக்கு உண்டு.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பெரும்பாலும் இயலும். சூடேறினால் அணைவது, தட்டினால் எழுவது ஆகிய இரண்டு அறிகுறிகளும் எங்கோ ஓர் இணைப்பு விட்டுவிட்டுத் தொடுகிறது என்பதைக் காட்டுகின்றன. போர்டில் உள்ள சிப் எரிந்துபோயிருந்தால் தட்டுவதால் அது உயிர் பெறாது. மேலும், திரையும் காற்றைத் தள்ளும் விசிறியான புளோயரும் ஒன்றாக நிற்பதால், இரண்டுக்கும் பொதுவான மின்வரவில்தான் குறை இருக்க வேண்டும். புளோயர் மட்டும் நின்றிருந்தால் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தனிப் பகுதியையும், ஒரு பக்கம் மட்டும் சூடான காற்று வந்திருந்தால் காற்றுக் கதவைத் திருப்பும் சிறு மோட்டாரையும் சந்தேகிக்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் விட்டுப்போகும் அந்த இணைப்பு போர்டில்தான் இருக்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. பேனலுக்கு வரும் ஒயரிலோ ஃபியூஸ் பெட்டியிலோ அது இருந்தால், புதுப் பேனல் வாங்கிப் பொருத்திய பிறகும் அதே மதிய வெயிலில் அதுவும் அணையும். ஆகவே, குறை தெரியும் நேரத்திலேயே மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை. பேனலுக்குப் பொதுவாக இரண்டு மின்வரவுகள் உண்டு: நினைவைக் காப்பதற்காக பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது ஒன்று, சாவியைத் திருப்பினால் வருவது மற்றொன்று. கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறம் வழியாக மீட்டரின் முனையை நுழைத்து அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டம் ஏதும் இராது. அப்போது துருப்பிடித்த ஒயர்கூட முழு வோல்டேஜையும் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். எஞ்சின் ஓடும்போது இரண்டிலும் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும். எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் எர்த் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் பேனல் அணைந்தே கிடந்தால் போர்டைக் கழற்றலாம்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற ஒயரோ கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக்கினுடையது. அதைத் தொடவே கூடாது. பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் எளிதில் உடையும் என்பதால், ஸ்குரூடிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாக விடுவியுங்கள்.

போர்டு கைக்கு வந்ததும் முதலில் கனெக்டர் ஊசிகளின் சால்டரைப் பூதக்கண்ணாடியால், விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஊசியைச் சுற்றி மெல்லிய கருவளையம் ஒன்று தெரிந்தால் அதுவே விரிசல். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடேறும், இரவில் குளிர்ந்துவிடும். பிளாஸ்டிக் கனெக்டர், உலோக ஊசி, போர்டு ஆகிய மூன்றும் மூன்று அளவில் விரிந்து சுருங்குவதால், அந்த இழுபறி முழுவதையும் ஊசியைச் சுற்றியுள்ள சால்டரே தாங்குகிறது. பல்லாண்டுகள் அப்படி வளைந்து வளைந்து அது விரிசல் விடுகிறது. 5 வோல்ட் தரும் ரெகுலேட்டரின் கால்களும் போர்டில் உள்ள ரிலேக்களின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளின்) கால்களும் இதே காரணத்தால் விரிசல் விடுவதுண்டு.

விரிசலின் மேல் சால்டரிங் இரும்பை வைத்துப் பழைய சால்டரையே உருக்கிவிடுவது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தடவி, பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே முறை. ரேடியோவுக்குப் பயன்படுத்தும் ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியை ஒட்டி உருகும்; அண்மைக்கால போர்டுகளில் உள்ள ஈயமற்ற சால்டருக்கு ஏறத்தாழ 217 டிகிரி தேவை. எனவே உருகவில்லை என்று நெடுநேரம் அழுத்திப் பிடிக்காதீர்கள். கீழேயுள்ள செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இரும்பை 350 டிகிரியில் வைத்து, ஓர் ஊசிக்கு மூன்று நான்கு விநாடிகளுக்குள் முடியுங்கள். போர்டை அடுப்பில் வைத்து மொத்தமாகச் சூடேற்றும் முறையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். திரையும் பொத்தான்களும் உருகிப்போகும்.

அடுத்ததாக, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைப் பாருங்கள். போர்டின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சிறு அலுமினியக் குப்பி வகை, தலை உப்பாமலேயே அடியில் கசியும். அதைச் சுற்றி போர்டு நிறம் மங்கியிருப்பதும், சால்டரிங் இரும்பு பட்டவுடன் மீன் வாடை அடிப்பதும் கசிவின் அடையாளங்கள். கசிந்த திரவம் செம்புத் தடங்களை அரிக்கும் என்பதால், கெபாசிட்டரை எடுத்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகக் கழுவி, தடம் அறுந்திருக்கிறதா என்று மீட்டரால் சோதியுங்கள். புதிதாக இடுவது அதே மைக்ரோஃபாரட் அளவும், அதே அல்லது அதற்கு மேற்பட்ட வோல்டேஜும், 105 டிகிரி வெப்பம் தாங்கும் தரமும் உடையதாக இருக்கட்டும். அலுமினிய வகையில் கறுப்புப் பட்டை நெகட்டிவ் பக்கத்தைக் குறிக்கும். சிறு செங்கல் வடிவில் இருக்கும் டாண்டலம் வகையிலோ பட்டை பாசிட்டிவ் பக்கத்தைக் குறிக்கும். கைதேர்ந்தவர்களும் இங்கே தடுமாறுவதால், கழற்றும் முன்பே ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் களிம்பு தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது போர்டைச் சுத்தம் செய்வதோடு நில்லாமல், முன் கண்ணாடியின் ரப்பர் ஓரத்தையும் ஏசி நீர் வெளியேறும் குழாயையும் பார்த்தாக வேண்டும். வேலை முடிந்ததும் அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சை மெல்லியதாகத் தெளிப்பது உப்புக் காற்றுக்கு நல்லது. கனெக்டர், பொத்தான்களின் தொடுபரப்பு, வெப்ப உணரி ஆகியவற்றின் மேல் படாதபடி முன்னதாகவே மறைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் பொருத்தி பேட்டரியை இணைத்து சாவியைத் திருப்பியதும், பல கார்களில் காற்றுக் கதவுகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நகர்ந்து தம் எல்லைகளைக் கற்றுக்கொள்ளும். அந்த ஒலி அடங்கும்வரை எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். பிறகு, மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்துச் சோதியுங்கள். காலையில் செய்யும் சோதனை உங்கள் காரைப் பொறுத்தவரை எதையும் நிரூபிக்காது. சால்டரும் கெபாசிட்டரும் சரியாக இருந்தும் குறை தொடர்ந்தால், பல கால்கள் உள்ள பெரிய சிப்பின் மேல் கை வைக்காமல், கார் எலக்ட்ரானிக் போர்டுகளை மட்டுமே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இதே போன்ற பேனலைப் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிப் பொருத்தலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கிடைக்கும், பொருத்தவும் செய்யலாம். ஆனால் பின்புறச் சீட்டில் உள்ள பாக எண் கடைசி எழுத்துவரை ஒத்திருக்க வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு மாதிரிக்கான நிரல் இருக்கக்கூடும். சில கார்களில் ஸ்கேன் கருவியால் பதிவு செய்த பிறகே பேனல் வேலை செய்யும். அதுவும் அதே வயதுடைய போர்டுதான் என்பதால், பொருத்தும் முன் அதன் சால்டரையும் மேலே சொன்னபடி பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கையால் திருகும் சாதாரண ஏசி. புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது. போர்டு போய்விட்டதா?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லை. கடைசி வேகத்துக்கான மின்சாரம், மின்னோட்டத்தைக் குறைத்து வேகத்தைத் தணிக்கும் ரெசிஸ்டர் வழியாகச் செல்லாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. மற்ற வேகங்கள் மட்டும் நின்றிருப்பதால் ரெசிஸ்டரோ அதிலுள்ள வெப்ப ஃபியூஸோதான் போயிருக்க வேண்டும். ரெசிஸ்டரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்போது அதன் கனெக்டர் உருகியிருக்கிறதா என்றும், புளோயர் மோட்டார் கையால் சுழற்றினால் தடையின்றிச் சுற்றுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இறுகிய மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துப் புது ரெசிஸ்டரையும் எரித்துவிடும்.