எதிர்வீட்டை எப்படி இடம் மாற்றுவது? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

ஹவுசிங் போர்டில் வளர்ந்ததைப் பற்றியும், அங்கே ஜனங்கள் ஒருவருக்கொருவர் உதவி வாழ்ந்ததைப் பற்றியும் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் வடசென்னையில் ஒரு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் அந்த ஜனங்களைப் பற்றி உங்களைப் போல் பாசமாக எழுத எனக்குக் கை வராது. நான் எத்தனை மணிக்கு வந்தேன், யாரோடு பேசிக்கொண்டு வந்தேன் என்பதெல்லாம் நான் மாடி ஏறுவதற்குள் அம்மாவின் காதுக்குப் போயிருக்கும். நான் காலேஜில் சேர்ந்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ படிப்பு" என்று அப்பாவை நிறுத்திக் கேட்டவர்களும் அவர்கள்தான். இப்போது அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். என்னோடு அபார்ட்மெண்டுக்கு வாருங்கள் என்றால் அம்மா அழுகிறார். புதுக் கட்டடத்தில் எந்த மாடி கிடைத்தாலும் சரி, எதிர்வீட்டு அத்தை பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். ஏழைகள் ஒருவருக்கொருவர் உதவி வாழ்கிறார்கள் என்பது வெளியேறிப் போனவர்களின் கற்பனை இல்லையா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

உங்கள் படிப்பை நிறுத்தப் பார்த்தவர்களை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை. அம்மா அழுகிறார் என்பதற்காகவும் வேண்டியதில்லை.

ஏழைகள் பிறவியிலேயே நல்ல மனசுக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் பிளாக்கிலும் சாதி பார்த்துத் தட்டு கொடுத்தவர்கள் இருந்தார்கள். குழாயடியில் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்ட சண்டைகளைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அங்கே உதவி இருந்ததற்குக் காரணம் குணம் அல்ல, தேவை. 2003-04இல் சென்னை வறண்டு கிடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். குழாயில் தண்ணீர் நின்றுபோய், தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கு லாரி வந்து ஊற்றினால்தான் அன்றைக்குச் சமையல். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். லாரிக்காகக் காத்திருந்தால் வேலை போய்விடும், வேலைக்குப் போனால் தண்ணீர் போய்விடும். அதனால் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போவார். வீட்டில் இருக்கும் யாராவது அதை நகர்த்தி நகர்த்தி, நிரப்பி, எங்கள் வாசலில் வைப்பார்கள். முந்தின நாள் அம்மாவோடு வாயாடியவரே அதைச் செய்ததும் உண்டு. தனக்குக் காய்ச்சல் வரும் நாளில் தன் குடத்தை அம்மா நகர்த்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கைமாத்தும், சீட்டும், ராத்திரியில் வலி எடுத்தால் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் இந்தக் கணக்கில்தான் நடந்தன. இதைக் கணக்கு என்று சொல்வதால் நான் குறைத்துச் சொல்லவில்லை. வங்கி கடன் தராத, முதலாளி விடுப்பு தராத ஒரு பெண்ணுக்கு அதுதான் வங்கி, அதுதான் விடுப்பு. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்கள் கடிதம் அதைத்தான் தொடுகிறது. ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் உதவ முடியும். அடுப்பு எரியாததைக் கவனிக்கிற கண்தான், நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதையும் கவனிக்கிறது. உங்களுக்கு அது காவலாகப் பட்டது. அம்மாவுக்கு அதுதான் காப்பு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே மாடிப்படியில் பதினாறு வயதுப் பெண் கொடுத்த விலை வேறு, நாற்பது வயதுப் பெண் கொடுத்த விலை வேறு. நம் வயதுப் பெண்கள் கொடுத்த விலையை யாரும் கணக்கில் எழுதவே இல்லை என்பதில் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது.

அப்படியிருந்தும் அந்த இடத்துக்காக நான் ஏன் வாதாடுகிறேன் என்றால், அது கலைக்கப்படும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயோ அருகிலேயோ மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். உங்கள் வீடும் என் வீடும் அப்படி வந்தவைதான். 2000-ஐ ஒட்டி அது மாறியது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, ஜனங்களைப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோனார்கள். முதலில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, ஆற்றோரத்தில் இருந்த குடும்பங்களைப் பள்ளி ஆண்டின் நடுவிலேயே பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

அங்கே கிடைத்தது மோசமான வீடு என்று நான் சொல்ல மாட்டேன். கதவு சாத்திக்கொள்கிற கழிவறை வீட்டுக்குள்ளேயே இருப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆனால் எந்த வீடு யாருக்கு என்பது குலுக்கலில் முடிவானது. இருபது வருஷம் எதிரெதிரே இருந்தவர்கள் ஆளுக்கொரு பிளாக்கில், எட்டு மாடிகளில் சிதறினார்கள். வேலையோ இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பழைய இடத்திலேயே இருந்தது. விடியுமுன் பஸ் ஏறிப் போகிற தாய், பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள்? பக்கத்து வீட்டில் இருப்பவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. அவரும் அதே பஸ்ஸில்தான் போகிறார். பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றதற்குத் தாய் தகப்பன் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு விரட்டிவிட முன்பு பத்துப் பேர் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேரையும் குலுக்கிப் போட்டது குடும்பம் இல்லை.

கண்ணகி நகர்ப் பிள்ளைகள் அங்கேயும் ஒரு அக்கம்பக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் அந்த நகரின் பெண் ஒருவர் இருந்தார். எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அப்படி ஒன்று துளிர்க்க ஒரு தலைமுறை ஆகிறது. உங்கள் அம்மாவுக்கு அவ்வளவு காலம் இல்லை.

உங்கள் கட்டடத்தை இடிப்பது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பழுதான கட்டடம் என்றால் இடித்துத்தான் ஆக வேண்டும். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் கட்டடம் ஒன்று சரிந்து 24 வீடுகள் மண்ணாயின. விரிசலைப் பார்த்துவிட்டு எல்லோரும் முன்பே இறங்கி வந்துவிட்டதால் ஒரு உயிரும் போகவில்லை. யார் வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில்தான் எல்லோரையும் அவசரமாக எழுப்பி இறக்க முடியும்.

ஆகவே அம்மாவின் கோரிக்கையை வயதானவர்களின் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை மனுவாக எழுதுங்கள். உங்கள் பிளாக்கில் இருக்கும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கட்டி முடிக்கும் வரை வெளியே வாடகைக்கு இருக்கத் தரும் கருணைத் தொகையும், புது வீட்டுக்கான டோக்கனும் கொடுக்கும் நாளிலேயே, யார் யார் எதிரெதிரே இருந்தார்களோ அவர்களுக்குப் புதுக் கட்டடத்திலும் அடுத்தடுத்து ஒதுக்க வேண்டும் என்று வாரியத்தில் கொடுத்து, மனு பெற்றதற்குச் சீல் வைத்த நகலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டைக் கையில் வாங்கிய பிறகு மாற்றிக்கொள்வது மிகவும் கடினம். கட்டி முடிக்கும் வரை அம்மா உங்களோடு இருக்கட்டும். அதற்குள் எதிர்வீட்டு அத்தை எங்கே வாடகைக்குப் போகிறார் என்று விசாரித்து, அவரை வாரம் ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு அழைத்துவர முடியுமா என்று பாருங்கள்.

அவர் வரும்போது, உங்கள் படிப்பைப் பற்றி அன்றைக்கு அவர்கள் பேசியதை அவரிடமே கேட்டுவிடுங்கள். அம்மாவுக்காக அதை விழுங்கிக்கொள்ள வேண்டாம்.