கருவிகள் எல்லாம் இருக்கின்றன, என்ன செய்வது என்றுதான் தோன்றவில்லை. மரவேலைக்கு யோசனைகளை எங்கே தேடுவது?

இதே இடத்தில் நானும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். உளிகள் கூர்தீட்டித் தயாராக இருக்கும், சுவரோரம் நல்ல பலகைகள் சாய்ந்து நிற்கும், நானோ யார் யாரோ செய்த மேசைகளையும் அலமாரிகளையும் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பேன். நூறு படம் பார்த்து முடித்தாலும் கை மட்டும் வேலையைத் தொடாது. இன்று என் நோட்டில் செய்து தீராத அளவுக்கு யோசனைகள் இருக்கின்றன, அவற்றில் படம் பார்த்து வந்தது அநேகமாக ஒன்றுகூட இல்லை.

படம் பார்ப்பதில் என்ன குறை என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு மேசை. அழகான படம் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்தேன். நான்கு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி 60 செ.மீ. அகலத்தில் மேல்பலகை, அதைச் சட்டத்தோடு நான்கு பக்கமும் ஸ்குரூ போட்டு இறுக்கிவிட்டேன். காற்றில் ஈரம் குறைந்த மாதங்கள் வந்ததும் ஒரு நாள் காலையில் பார்த்தால் பலகை முக்கால் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில் மட்டும் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், அந்த அகலத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் போய்வரும். தெரிந்தவர்கள் அதற்காகவே அடியில் ஸ்குரூ ஓட்டையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டி விடுவார்கள், அல்லது சட்டத்தில் காடி (நீளமான பள்ளம்) எடுத்து அதில் நகரக்கூடிய சின்ன மரக்கட்டைகளால் பிடிப்பார்கள். நான் பார்த்த படத்தில் இதெல்லாம் இல்லை, ஏனென்றால் மேசையின் அடிப்பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் முதலில் அடியில் குனிந்து பார்க்கிறேன். யோசனைகள் வர ஆரம்பித்ததும் அங்கிருந்துதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கால் ஆடுகிறது என்று வெளியே போட வைத்திருந்த ஒரு பழைய நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்தேன். பழைய வஜ்ஜிரப் பசை (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது) போட்டது, அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும். அதனால் இணைப்புகளில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டித் தட்டி முழுக்கப் பிரித்தேன். உள்ளே இருந்ததைப் பார்த்து அசந்துபோனேன். நாக்கு, அதாவது இன்னொரு மரத்தின் துளைக்குள் நுழைவதற்காகச் சட்டத்தின் முனையில் சீவிய பகுதி, தொடங்கும் இடத்தில், பென்சிலைவிட மெல்லியதாகக் கத்தியால் கீறிய கோடு அப்படியே இருந்தது. துளையின் உள்சுவரில் உளி இறங்கிய தடங்கள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய மாதிரி தெரிந்தன. முன்சட்டத்தின் நாக்கும் பக்கச் சட்டத்தின் நாக்கும் ஒரே காலுக்குள் வந்து சந்திக்கின்றன இல்லையா, அங்கே இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டின் முனைகளையும் 45 டிகிரிக்குச் சாய்த்துச் சீவியிருந்தார் அந்த ஆசாரி. இப்படிச் செய்தால் இரண்டு நாக்கும் எவ்வளவு ஆழம் போக முடியுமோ அவ்வளவு போகும், பசை பிடிக்கும் பரப்பும் கூடும். யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒருவர் இவ்வளவு யோசித்து வேலை செய்திருக்கிறார்.

அந்த இணைப்பை எப்படியாவது என் கையால் செய்துவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. அதற்காகவே, வேறு எந்தத் தேவையும் இல்லாமல், ஒரு ஸ்டூல் செய்தேன். முதல் இரண்டு கால்களில் நாக்கு தளர்வாகப் போய்விட்டது, மூன்றாவது காலில் சரியாக உட்கார்ந்தது. அப்புறம் அதே இணைப்பில் ஒரு சின்ன மேசை, அதன் கால் கீழே போகப்போக ஒடுங்கினால் எப்படி இருக்கும் என்று இன்னொன்று, அதற்கு ஓர் இழுப்பறை வைக்கலாமே என்று டவ்டெயில் (புறாவால் வடிவப் பற்களைக் கோத்து மூலையை இணைப்பது) பழகியது... ஒரு உடைந்த நாற்காலியிலிருந்து எனக்கு அடுத்தடுத்து நான்கு வேலைகள் கிடைத்தன. ஆகவே என் பதில் இதுதான்: ‘என்ன பொருள் செய்யலாம்’ என்று தேடாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற ஒரு பொருளை டேப்பும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ‘ஏன்’னும் ஒரு வேலையாகப் போய் முடியும்.

‘அது காப்பி அடிப்பது ஆகாதா’ என்று சிலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் தன் வாழ்நாளில் சுமார் 500 நாற்காலிகளை வடிவமைத்தவர். அவர் 1944-இல் செய்த நாற்காலி, சீனாவின் மிங் காலத்து நாற்காலிகளைப் பார்த்துச் செய்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை, பெயரே ‘சீன நாற்காலி’தான். அந்த வழியிலேயே ஒவ்வொன்றாகக் கழித்தும் மாற்றியும் போய்த்தான் 1949-இல் முதுகில் ‘ஒய்’ எழுத்து வடிவச் சட்டம் வைத்த அந்தப் புகழ்பெற்ற நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். அவ்வளவு பெரிய கைக்காரரே பழையதைப் பார்த்துத் தொடங்கியிருக்கும்போது நாம் தயங்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்தவருடைய வடிவத்தை அப்படியே செய்து நம்முடையது என்று விற்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

மரத்தையும் பார்க்கச் சொல்வேன். கையில் இருக்கிற பலகையை நிமிர்த்தி வைத்து, லேசாக இழைத்து, தண்ணீர் தொட்டுத் துடைத்தால் ரேகை எழுந்து வரும். முடிச்சு எங்கே இருக்கிறது, வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். வெடிப்பை வெட்டி எறிவதுதான் எல்லோருடைய பழக்கமும். அமெரிக்காவின் மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகஷிமா அதை அப்படியே மேசையின் நடுவில் விட்டுவிட்டு, மேலும் விரியாமல் இருக்க இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் மரத்துண்டை வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் பதித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அவரையும் குடும்பத்தையும் ஐடஹோ மாநிலத்தில் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள், அங்கே ஜப்பானிய முறையில் பயின்ற ஒரு தச்சரோடு சேர்ந்து கிடைத்த கழிவு மரத்தில் அவர் ஜப்பானியத் தச்சு வேலையைக் கற்றுக்கொண்டார். இதை நினைத்தால் நல்ல மரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வராது. என் மூலையில் கிடக்கும் வெட்டுத்துண்டுகளை நீளவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன், 20 செ.மீ. துண்டு நாலு சேர்ந்தால் ஒரு பெட்டி என்று கண்ணுக்கே தெரியும்.

வீட்டில் எது இடைஞ்சலாக இருக்கிறதோ அதைச் செய்யுங்கள் என்பது எல்லோரும் சொல்வது, சரிதான், அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இடைஞ்சலை அளந்து எழுதுங்கள். ‘புத்தக அலமாரி வேண்டும்’ என்று எழுதினால் அது ஆசையாகவே நின்றுவிடும். ‘18 மில்லி பலகை, 90 செ.மீ. நீளம், நடுவில் தொய்கிறது’ என்று எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி. தாங்கு இடைவெளி இரண்டு மடங்கானால் நடுவில் வைக்கும் அதே எடைக்குப் பலகை எட்டு மடங்கு தொய்யும், ஆகவே நடுவில் ஒரு தாங்கு கொடுப்பதா, முன்விளிம்பில் ஒரு கனமான பட்டி ஒட்டுவதா என்று யோசிக்க ஆரம்பிப்பீர்கள், அந்தப் பட்டிக்கு என்ன வடிவம் கொடுக்கலாம் என்று கை தானாகக் காகிதத்தில் கிறுக்கும்.

எதுவுமே தோன்றாத நாட்களும் எனக்கு இன்னும் வருகின்றன. அப்போது நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்வேன், ஒரே ஒரு பலகை, ஆணி கிடையாது, இரண்டே கருவி என்று ஏதாவது. இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974-இல் வெறும் பலகையும் ஆணியும் வைத்து யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய 19 மேசை, நாற்காலி, கட்டில் வகைகளுக்கு வரைபடம் கொடுத்தார். அந்தக் குறுகிய எல்லைக்குள் எவ்வளவு வகை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

எங்கே தொடங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால் வீட்டிலேயே பழைய மர இழுப்பறை ஒன்றை முழுக்க வெளியே உருவி, காலி செய்து, கவிழ்த்து வையுங்கள். அடிப்பலகையில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, அது பசை போட்டிருக்கிறதா அல்லது காடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறதா, பின்பலகை ஏன் பக்கப் பலகையைவிடக் குட்டையாக இருக்கிறது, மூலைகளில் ரம்பம் கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அளவுகளைக் குறித்து எழுதி இங்கே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.