சினிமாவின் மீது ஏன் பழி?

கேள்வி: உங்கள் கலை நிகழ்வுகள் பகுதியில் முக்கால்வாசி சினிமா. நாடகம், கச்சேரி, கவிதை வாசிப்பு எல்லாம் ஒரு மூலையில் நான்கு வரி. சினிமா மற்ற கலைகளை விழுங்கிவிட்டது என்பதற்கு உங்கள் பத்திரிகையே சாட்சி இல்லையா?

பதில்: முக்கால்வாசி என்பது சரி. விழுங்கிவிட்டது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது அதற்கு வாய் கொடுத்ததே நாடக மேடைதான். 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி.ராஜலட்சுமி மேடையில் பழகியவர். 1934இல் வந்த 'பவளக்கொடி' ஏற்கெனவே நாடகமாக ஓடியது. மேடையில் நடித்த தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியுமே படத்திலும் நடித்தார்கள். 'பராசக்தி'யும் முதலில் நாடகம். பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்' எல்லாமே மேடை ஏறிய பிறகு திரைக்குப் போனவை. இத்தனையும் கொடுத்த பிறகும் நாடகம் நன்றாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

இசைக்குத்தான் சினிமா என்ன கெடுதல் செய்தது? 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தில், பாபநாசம் சிவனின் 'மன்மத லீலையை' பாட்டு வழியாக, ராகத்தின் பெயரே தெரியாதவர்களும் சாருகேசியை முணுமுணுத்தார்கள். கச்சேரி மேடையிலும் அதே சிவனின் கீர்த்தனைகளைப் பாடினார்கள், யாருக்கும் தீட்டுப்படவில்லை. கவிதையை இந்த வழக்கில் இழுக்கவே வேண்டாம். சி.சு.செல்லப்பா 1959இல் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோதே அதை வாங்கியவர்கள் சொற்பம். அதற்கும் சினிமாவா காரணம்?

எங்கள் பக்கத்தில் சினிமா பெருத்திருப்பதற்குக் காரணம் வேறு. ஒரு படம் சில வாரமாவது ஓடுகிறது. விமர்சனத்தைப் படித்துவிட்டு நீங்கள் போய்ப் பார்க்கலாம். நாடகம் ஒரு மாலை, மிஞ்சினால் இரண்டு. கவிதை வாசிப்பும் அப்படியே. நாங்கள் எழுதி, அச்சாகி, உங்கள் கைக்கு வருவதற்குள் அரங்கைப் பெருக்கிப் பூட்டியிருப்பார்கள். முன்கூட்டியே அறிவிக்கலாம் என்றால், படக்காரர்கள் ஒரு மாதம் முன்பே படமும் செய்தியும் அனுப்புகிறார்கள். நாடகக் குழுவின் அழைப்பிதழ் இதழ் அச்சுக்குப் போன மறுநாள் வருகிறது. அவர்களிடம் விளம்பரத்துக்கென்று தனி ஆள் கிடையாது. நடிப்பவரேதான் அழைப்பிதழும் ஒட்டுகிறார். இந்த ஏழ்மை எனக்குப் புரிகிறது. ஆனால் வராத செய்தியை எப்படிப் போடுவது?

ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பசுபதி அங்கே உருவானவர். அவரைத் திரையில் கண்டு கைதட்டியவர்களில் எத்தனை பேர் மேடையில் பார்த்திருப்பார்கள்? சினிமாக்காரர்கள் அங்கே தேடிப்போனார்கள், கலையைக் காப்பாற்றச் சொல்லி எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் போகவில்லை.

நீங்கள் கடைசியாகக் காசு கொடுத்துப் பார்த்த நாடகம் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த நாடகத்துக்கு டிக்கெட் எடுத்துப் போங்கள். அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஒரு சினிமாச் செய்தியைத் தூக்கிவிட்டு அதைப் போடுகிறேன். டிக்கெட்டையும் இணைத்து அனுப்பவும். ஓசி அழைப்பிதழில் பார்த்தவர்களின் பாராட்டுரை இங்கே ஏற்கெனவே நிறையக் குவிந்திருக்கிறது.