க² − 3க + 1 = 0 எனில் க⁵ + 1/க⁵ எவ்வளவு? மூலத்தைக் கண்டுபிடிக்காமல் போட முடியுமா?

முடியும், அதுதான் சுலபமான வழியும்கூட. சூத்திரத்தில் போட்டால் க = (3 ± √5)/2 என்று வரும். அதை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி, அப்புறம் தலைகீழியையும் கூட்டுவது பெரிய வேலை. கேள்வி கேட்பது க-வின் மதிப்பை அல்ல என்பதைக் கவனியுங்கள்.

சமன்பாடு முழுவதையும் க-வால் வகுங்கள். க − 3 + 1/க = 0, அதாவது க + 1/க = 3. வகுக்கலாமா என்று சந்தேகம் வரவேண்டும், வருவது நல்லது. க = 0 என்று போட்டால் 1 = 0 என்றாகிவிடும். ஆக க பூச்சியம் இல்லை, தாராளமாக வகுக்கலாம்.

இனி இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க² + 2 + 1/க² = 9. எனவே க² + 1/க² = 7. நடுவில் வரும் அந்த 2-ஐ விட்டுவிட்டு 9 என்று எழுதுபவர்கள்தான் அதிகம். க-வும் 1/க-வும் பெருகி 1 ஆவதால் வரும் உறுப்பு அது. ஒவ்வொரு முறையும் எழுதிப் பார்த்துவிடுங்கள். மும்மடிக்கும் அப்படியே: (க + 1/க)³ விரிந்தால் க³ + 1/க³ உடன் 3(க + 1/க) வரும், அதைக் கழித்தால் க³ + 1/க³ = 27 − 3 × 3 = 18.

சரி, ஐந்தாம் அடுக்கு? 7-ஐயும் 18-ஐயும் பெருக்குங்கள். (க² + 1/க²)(க³ + 1/க³) விரிந்தால் க⁵ + 1/க⁵ உடன் க + 1/க ஒட்டிக்கொண்டு வரும். 126 − 3 = 123.

நான்காம் அடுக்குக்கு 7² − 2 = 47 என்பதையும் சேர்த்து, இந்த விடைகளை வரிசையாக எழுதினால் 3, 7, 18, 47, 123. மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றும் முந்தையதன் மும்மடங்கில் அதற்கும் முந்தையதைக் கழித்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: அந்த 3 கணக்கில் கொடுத்த அதே 3.