ஸ்பான் பட்டனைத் தொடும் முன் நான்கு மூலைகளையும் பாருங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். 500 கிலோ பிளாட்ஃபார்ம் தராசு, 100 கிராம் படி (எண் 100 கிராம் 100 கிராமாகத்தான் மாறும்), மூலைக்கு ஒன்றாக எடையை உணரும் நான்கு லோடு செல். ஒரு செல்லின் வயரை எலி கடித்துவிட்டதால் அதை மாற்றினோம். இப்போது 100 கிலோவை நடுவில் வைத்தால் 99.2 காட்டுகிறது. புது செல் இருக்கும் மூலையில் 97.8, அதற்கு எதிர் மூலையில் 99.9. என்னிடம் எட்டு 20 கிலோ எடைக்கற்கள் இருக்கின்றன. இண்டிகேட்டரில் (எடை காட்டும் பெட்டியில்) நாங்களே கேலிபரேஷன் செய்யலாமா, அதாவது கற்களை வைத்து எண்ணைச் சரிப்படுத்தலாமா?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தத் தராசில் நெல் வாங்குகிறீர்கள், அரிசி விற்கிறீர்கள் என்றால் முத்திரையை நீங்களே உடைக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுநீக்குபவர்தான் செய்ய வேண்டும். அப்புறம் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் மறுமுத்திரையிட்ட பிறகே வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம். ஆலைக்குள் கணக்குப் பார்க்க மட்டும் வைத்திருக்கும் தராசு என்றால் நீங்களே செய்யலாம். எப்படியானாலும் வேலையின் முறை தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று கவனிக்க முடியும்.

நீங்கள் அளந்து அனுப்பிய மூன்று எண்களிலேயே நோய் தெரிகிறது. பழைய மூன்று செல்களும் சரியாக இருக்கின்றன. புது செல் மட்டும் தன் மேல் விழும் எடையைச் சுமார் 3 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. நடுவில் வைத்தால் எடையில் கால் பங்குதான் அதன் மேல் விழும், அதனால் 0.8 கிலோ குறைகிறது. அந்த மூலையிலேயே வைத்தால் பெரும்பங்கு அதன் மேல் விழுவதால் 2.2 கிலோ குறைகிறது.

இந்த நிலையில் நடுவில் கல்லை வைத்து ஸ்பானை, அதாவது மொத்த எடையையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்கும் அமைப்பை, 100-க்குத் திருத்தினால் என்ன ஆகும்? நடுவில் அழகாக 100.0 வரும். புது மூலையில் 98.6-தான் வரும், எதிர் மூலையில் 100.7 ஆகிவிடும். மூட்டையை எந்தப் பக்கம் இறக்குகிறார்களோ அதற்கேற்ப எடை மாறும். ஆறு மாதம் உழுது விளைவித்துக் கொண்டுவரும் விவசாயிக்கு மூட்டைக்கு ஒரு கிலோ போனால் அது சின்ன விஷயமில்லை. அதனால்தான் மூலை முதலில், ஸ்பான் கடைசியில்.

மூலையைத் தொடும் முன் மேல்தட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். புது செல்லின் லேபிளில் உள்ள கொள்ளளவும், வோல்ட்டுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்ற எண்ணும் பழைய செல்லோடு ஒத்துப்போக வேண்டும். நான்கு கால்களும் தரையில் பதிந்து, மட்டம் சரியாக இருக்க வேண்டும். அரிசி ஆலைத் தராசுகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு தவிடு. அதிக பாரத்தைத் தாங்குவதற்காகச் செல்லுக்குக் கீழே ஒரு ஸ்டாப்பர் போல்ட் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. ஒரு ஆலையில் அந்த இடைவெளியில் தவிடு ஈரத்தோடு சேர்ந்து சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது. 50 கிலோவரை எடை சரி, அதற்கு மேல் ஏற ஏறக் குறைந்தது. கத்தி முனையால் சுரண்டி எடுத்ததும் தராசு தானாகவே சரியாகிவிட்டது. சின்ன எடையில் சரியாக இருந்து பெரிய எடையில் மட்டும் குறைந்தால், எங்கோ ஏதோ தட்டுகிறது என்று அர்த்தம். அதை எந்தப் பட்டனாலும் தீர்க்க முடியாது.

சரி, சுத்தம் செய்தாகிவிட்டது. கரண்ட் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். இண்டிகேட்டரில் ஆட்டோ ஜீரோ டிராக்கிங் (தானாகவே ஜீரோவுக்குத் திருத்தும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சின்னச் சின்ன வித்தியாசங்களை அது விழுங்கிவிடும். 100 கிராம் படியில் நுணுக்கம் தெரியாது என்பதால், மெனுவில் உள் எண்ணிக்கையை (கிலோவாக மாற்றும் முன் செல்களிலிருந்து வரும் நுணுக்கமான எண்ணை) காட்டும் வசதி இருந்தால் அதிலேயே பாருங்கள்.

இனி நான்கு செல்களின் வயர்களும் சேரும் ஜங்ஷன் பாக்ஸ். அதில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கும். பழைய செல்லுக்கு ஏற்றபடி திருகி வைத்தது அப்படியே இருந்தால், புது செல் குறைத்துக் காட்டுவதில் வியப்பில்லை. எட்டுக் கற்களையும் ஒரு மூலையில் அடுக்குங்கள். மூலைச் சோதனைக்குக் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேண்டும், உங்கள் 160 கிலோ அதற்குப் போதும். புது மூலையின் திருகைக் கால் சுற்று திருப்பி, கல்லை இறக்கி, ஜீரோ பார்த்து, மறுபடி ஏற்றிப் பாருங்கள். பல பாக்ஸ்களில் இந்தத் திருகால் எடையைக் குறைக்கத்தான் முடியும். புது செல்லின் திருகு எல்லையைத் தொட்டும் எண் ஏறவில்லையென்றால், மற்ற மூன்றையும் அதன் அளவுக்கு இறக்க வேண்டியதுதான். பொறுமை வேண்டிய இடம் இது. ஒரு திருகைத் திருப்பினால் மற்ற மூலைகளும் கொஞ்சம் அசையும், இரண்டு மூன்று சுற்றாவது வர வேண்டியிருக்கும். நான்கு மூலைகளுக்குள்ளும் வித்தியாசம் 100 கிராமுக்குள் அடங்கட்டும்.

அதன் பிறகுதான் கேலிபரேஷன் மெனு. தட்டு காலியாக இருக்கும்போது ஜீரோவைப் பதியுங்கள். 160 கிலோவை நடுவில் சீராகப் பரப்பி, எண் நின்றதும் 160.0 என்று கொடுத்துச் சேமியுங்கள்.

ஆனால் 160-ல் சரி என்றால் 500-லும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கற்களுக்கு வரும் உள் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு கற்களை இறக்கிவிட்டு, அதே எண் வரும்வரை அரிசி மூட்டைகளை ஏற்றுங்கள். கடைசியில் கைப்பிடி கைப்பிடியாக அரிசி போட்டுச் சரிசெய்யலாம். இப்போது மூட்டைகள் 160, மேலே கற்களை ஏற்றினால் 320. இதே முறையில் இன்னொரு தடவை செய்தால் 480 கிலோ. அங்கே வித்தியாசம் 150 கிராமைத் தாண்டினால், 480 என்று கொடுத்து ஸ்பானை மறுபடி பதியுங்கள். இறக்கும்போதும் ஒவ்வொரு படியிலும் எண்ணைக் குறியுங்கள். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் வந்தால் எங்கோ உரசல் இருக்கிறது.

கல் இல்லாமல் செல்லின் லேபிளில் உள்ள எண்ணை மட்டும் தட்டிக் கேலிபரேஷன் செய்யும் வசதியும் சில இண்டிகேட்டர்களில் உண்டு. பெரிய தொட்டிகளுக்கு அது உதவும், மூட்டைத் தராசுக்கு வேண்டாம். வெளிநாட்டில் கேலிபரேஷன் செய்து வந்த இயந்திரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஜெர்மனியைவிட இங்கே புவியீர்ப்பு சுமார் 0.3 சதவீதம் குறைவு. அங்கே 500 காட்டியது இங்கே 498.5 காட்டும்.

எல்லாம் முடிந்ததும் காலி எண்ணிக்கை, 160 கிலோவின் எண்ணிக்கை, தேதி மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். வயர் நுழையும் ஓட்டையை நன்றாக இறுக்குங்கள், எலி மறுபடி வரும்.