ஏஐ வந்துடுச்சு, இனிமே பொண்ண விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்க்கலாமா? மீடியா வேலைல எதிர்காலம் இருக்கா?

"பொண்ணு விஸ்காம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா, பீஸ் கட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன்"னு எழுதியிருக்கீங்க. ஏற்கனவே பதில் சொன்னவங்க எல்லாம் மனுஷ கற்பனைய மெஷின் தொடவே முடியாதுன்னு அடிச்சு சொல்றாங்க. அவங்க கற்பனைய தொட்டுச்சோ இல்லையோ, என் தொண்டைய தொட்டுடுச்சு, அத சொல்லிடறேன்.

நான் வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட். சென்னை சாலிகிராமத்துல ரெண்டு வருஷம் சினிமா டப்பிங்ல கும்பல் குரல்ல நின்னேன், கல்யாண சீன்ல பின்னாடி "பொண்ண கூப்பிடுங்க"ன்னு ஒரு சத்தம் வரும்ல, அந்த மாதிரி. அதுல வயிறு நிறையாது. அப்புறம் பதினோரு வருஷமா கம்பெனி வேலைதான். பேங்க் ஸ்டாஃப் ட்ரெயினிங், ஆஸ்பத்திரில கை கழுவறது எப்படி, ஃபேக்டரில தீப்பிடிச்சா எந்த வழியா ஓடணும், இதையெல்லாம் தமிழ்ல பேசறது. யாருக்கும் என் பேரு தெரியாது, ஆனா வீட்டு வாடகையும் பையன் ஸ்கூல் பீஸும் இதுலதான் போச்சு. மாசத்துக்கு 12, 15 ஃபைல் வந்துட்டு இருந்த இடத்துல போன மாசம் வந்தது 3.

போன வருஷம் ஒரு கம்பெனிலேர்ந்து போன். எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன். "அக்கா ஒரு சின்ன கரெக்ஷன் வேலை, ஒரு மணி நேரம்தான்"னு அந்த சவுண்ட் இன்ஜினியர் தம்பி கூப்பிட்டான், போனேன், ஹெட்போன மாட்டினா என் குரல். சரி, பழைய ரெக்கார்டிங்ல ஏதோ தப்பு போலன்னு நெனச்சேன். ரெண்டு வரி கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு, இந்த ஸ்கிரிப்ட நான் வாழ்க்கைல படிச்சதே இல்ல! என் குரல காப்பி அடிச்சு ஏஐ பேசுது. நர்ஸுங்களுக்கான பாடம். "உடம்பில் பலம் இல்லை என்றால்"னு ஒரு வரி, நம்ம எழுத்துல ப ஒண்ணுதானே, அது பட்டாணிக்கு சொல்ற ப போட்டு பேசுது, கேக்கறவங்களுக்கு உடம்புல பழம் இல்லன்னு விழும். இன்னொரு இடத்துல "பாவம், குழந்தை வலியில் அழுகிறது"ன்னு வருது, டான்ஸ் டீச்சர் முகத்துல பாவம் காட்டுன்னு சொல்வாங்களே, அந்த பாவமா சொல்லுது. என் குரல்லயே. அந்த தம்பி தலைய குனிஞ்சுக்கிட்டே "இந்த 40 வரிய மட்டும் நீங்க பேசிக் குடுத்துடுங்கக்கா, மீதிய மெஷின் பாத்துக்கும்"னான். முழுசா பேசியிருந்தா வர்ற காசுல கால்வாசி கூட இல்ல.

பேசிக் குடுத்தேன். திட்டறவங்க திட்டலாம், அன்னிக்கு கரண்ட் பில் கட்ட கடைசி நாள்.

வீட்டுக்கு வந்து பழைய அக்ரிமெண்ட தேடி எடுத்தா 2019ல கையெழுத்து போட்டிருக்கேன், ரெக்கார்டிங் மேல எல்லா உரிமையும் நிரந்தரமா அவங்களுக்கு, இனிமே வரப்போற எல்லா தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து. படிக்காம கையெழுத்து போட்டது உன் தப்புதானேன்னு யாராவது கேப்பீங்க. ஆமா, என் தப்புதான். நீங்க போன்ல ஆப் போடறப்போ வர்றத முழுசா படிச்சுட்டா அக்செப்ட் அமுக்கறீங்க?

நான் ஏஐக்கு எதிரி இல்லைங்க, ஸ்கிரிப்ட்ல எழுத்துப்பிழை பாக்க நானே அததான் கேக்கறேன். 2024ல லால் சலாம் படப் பாட்டுக்கு ஏ.ஆர்.ரஹ்மான், இறந்துபோன பாடகருங்க பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏஐல கொண்டு வந்தாரு, குடும்பத்துல அனுமதி வாங்கி பணமும் குடுத்ததா அவரே சொன்னாரு. அமெரிக்காவுல நடிகர் சங்கம் 2023ல 118 நாள் ஸ்ட்ரைக் இருந்துதான், டிஜிட்டல் நகல் எடுக்கணும்னா சம்மதம் கேக்கணும், காசு குடுக்கணும்னு ஒப்பந்தத்துல ஏத்துனாங்க. பாடகர் அரிஜித் சிங் பாம்பே ஹைகோர்ட்டுக்கு போயி தன் குரல ஏஐல காப்பி அடிக்கறதுக்கு தடை வாங்கினாரு. செத்தவங்க வீட்டுக்கு போன் போயிருக்கு, உயிரோட இருக்கற எனக்கு வரல. கை கழுவற பாடத்துக்கு குரல் குடுத்தவ ஹைகோர்ட் போனா வக்கீல் பீஸ யாரு குடுக்கறது?

இதுல எங்க தெரு கூத்து வேற. நான் பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ரஜாய் தொங்கவிட்டு வீட்டுலயே ரெக்கார்டிங் பண்றேன். ஆடி மாசம் ஆனா கூம்பு ஸ்பீக்கர் காலைல 5 மணிக்கு ஆரம்பிக்கும், அம்மனுக்கு காது கேக்காதா என்ன? சத்தத்த கொஞ்சம் கொறைங்கன்னு போயி நின்னா, "எத்தன வருஷமா நடக்குது, உனக்கு மட்டும்தான் தொந்தரவா"ன்னு என்னையே சாமிக்கு ஆகாதவளாக்கிட்டாங்க. நைட்டு 1 மணிக்கு எந்திரிச்சு பேசுவேன், அப்போ மேல் வீட்டு மோட்டார் ஓடும். டெலிவரி ஒரு நாள் தள்ளிப்போனா மறுபடி மறுபடி சாரி சொல்லணும். மெஷினுக்கு மாறினதுக்கு அந்த கம்பெனி மேனேஜர் சொன்ன காரணத்துல இதுவும் ஒண்ணு, மெஷினுக்கு ஆடி மாசம் கெடையாது மேடம்னாரு.

சரி, உங்க பொண்ணு விஷயம். நான் பாத்த வரைக்கும் பெரிய குரலுங்க இன்னும் அப்படியேதான் இருக்கு, ஒரு அம்மா அழற சீன மெஷின்கிட்ட யாரும் குடுக்கல. புதுசா வர்றவங்க நின்னு பழகற சில்லறை வேலை இருக்கே, அதுதான் காணாம போகுது. உங்க பொண்ணு முதல் மூணு வருஷம் எதுல சம்பாதிப்பான்னு இப்பவே யோசிச்சு வைங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட படிக்க சொல்லிக் குடுங்க, காலேஜ்ல சொல்லித் தர மாட்டாங்க. நான் இப்போ ஒவ்வொரு பில்லுலயும் "இந்தக் குரலை வைத்து செயற்கைக் குரல் உருவாக்க அனுமதி இல்லை"ன்னு கையால எழுதிதான் அனுப்பறேன். இது கோர்ட்ல நிக்குமான்னு கேக்காதீங்க. எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு கம்பெனி கூப்பிடறத நிறுத்திடுச்சு, ரெண்டு கம்பெனி இன்னும் கூப்பிடுது.

எடிட்டிங், கேமரா பக்கம் எப்படின்னு எனக்கு தெரியாதுங்க, அந்த வேலைல இருக்கறவங்க யாராவது சொல்லுங்க.