தலைகீழாகப் புரட்டினால் மட்டும் பிரதிபலிப்பு ஆகிவிடாது

கேள்வி: கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். மொட்டை மாடியில் மதியம் எடுத்த மணமக்கள் படத்தை வெட்டி, சாயங்கால ஏரிக்கரைப் படத்தில் வைத்தேன். அதே லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்துத் தலைகீழாகப் புரட்டி, ஒபாசிட்டியை (அடர்த்தியை) 40 சதவீதம் ஆக்கித் தண்ணீரில் போட்டேன். பார்ப்பவர்கள் எல்லாரும் "ஒட்டின மாதிரி இருக்கே" என்கிறார்கள். எங்கே சறுக்குகிறது? இதை எப்படிப் பழகுவது?

பதில்: இரண்டு இடத்தில் சறுக்குகிறது. முதலில் தண்ணீரைப் பார்ப்போம்.

தண்ணீரில் தெரிவது உங்கள் படத்தின் நகல் அல்ல, வேறொரு கோணத்தில் எடுத்த படம். கேமரா தண்ணீர் மட்டத்துக்கு 5 அடி மேலே இருந்தால், அதே 5 அடி கீழே இன்னொரு கேமராவை வைத்து அண்ணாந்து எடுத்தால் என்ன தெரியுமோ அதுதான் தண்ணீரில் தெரியும். மணப்பெண் குடை பிடித்திருக்கிறார், நீங்கள் உயரத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நேர்ப்படத்தில் குடையின் மேல்துணி தெரியும். தண்ணீரில் உள்பக்கத்துக் கம்பிகள் தெரியும். புரட்டிய லேயரில் அந்தக் கம்பிகளுக்கு எங்கே போவது? கேமரா தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருந்தால் இந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துவிடும். அதனால், புரட்டி ஒட்டுவதுதான் வேலை என்றால் தாழ்வான கோணத்தில் எடுத்த பின்னணியையே தேடுங்கள்.

அடுத்தது, எங்கே மடிப்பது, அதாவது ஆளும் பிம்பமும் சந்திக்கும் கோடு எங்கே வர வேண்டும் என்பது. எல்லாரும் பாதத்தில் மடிக்கிறார்கள். பாதம் தண்ணீரைத் தொட்டால் சரி. மணமக்கள் 2 அடி உயரக் கரையில், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறார்கள் என்றால், தண்ணீர் மட்டம் கரைக்கு அடியிலும் நீண்டு அவர்கள் காலுக்குக் கீழே வருவதாகக் கற்பனை செய்யுங்கள். மடிப்பு அந்த மட்டத்தில் வர வேண்டும். அப்போது தண்ணீரில் முதலில் கரையின் பக்கவாட்டு மண் தெரியும். பாதமும் கணுக்காலும் அதற்குப் பின்னால் மறைந்து, மேலுடம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அந்த 40. ஒரே அளவாக மங்கும் பிரதிபலிப்பு இயற்கையில் அபூர்வம். நேர் மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அது ஏறும், தண்ணீரை உரசிக்கொண்டு போகிற கோணத்தில் கிட்டத்தட்ட முழுக் கண்ணாடி. ஆகவே லேயரை இடத்துக்கு இடம் மறைக்கும் மாஸ்க்கில் கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் சாயல்) போட்டு, எதிர்க்கரை அருகே அழுத்தமாகவும் நம் பக்கம் வர வர மங்கலாகவும் விடுங்கள். கலங்கிய ஏரி என்றால் கறுப்புக் கூந்தல் முழுக் கறுப்பாக இருக்காது, வெள்ளை வேட்டியும் முழு வெள்ளையாக இருக்காது. வெளிச்ச அளவை மாற்றும் கர்வ்ஸ் கோட்டில் கறுப்பு முனையைக் கொஞ்சம் மேலேயும் வெள்ளை முனையைக் கொஞ்சம் கீழேயும் நகர்த்தினால் போதும். சிற்றலைகள் பிம்பத்தை மேலும் கீழுமாக இழுக்கும்; 90 டிகிரியில் (மேல்கீழாக) லேசான மோஷன் பிளர், பிறகு பிம்பத்தை அலைக்கேற்ப நெளிக்கும் டிஸ்பிளேஸ் ஃபில்டர். அதற்கான அலை வரைபடத்தை பிஎஸ்டி (போட்டோஷாப்) கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதில் நடுச்சாம்பல் நிறம் உள்ள இடம் நகராது.

இனி வெளிச்சம். கசப்பாகச் சொல்கிறேன்: மதிய வெயில் படத்தைச் சாயங்காலத்தில் வைக்காதீர்கள். மூக்குக்குக் கீழே விழுந்த நிழலையும் கண்குழி இருட்டையும் எந்த ஃபில்டரும் நியாயப்படுத்தாது. நிழலான இடத்தில் மறுபடி எடுங்கள். திசை தெரியாத மென்மையான வெளிச்சத்துக்குக் கர்வ்ஸிலும் மாஸ்க்கிலும் ஒரு திசையைக் கொடுக்கலாம். விழுந்த வெயிலை அழிப்பதுதான் பெரும்பாடு.

பின்னணியில் சூரியன் எங்கே என்று கண்டுபிடிக்க, ஒரு பொருளின் நுனியையும் அதன் நிழல் நுனியையும் சேர்த்துக் கோடு இழுங்கள். இப்படி நாலைந்து கோடுகள் நீண்டு ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். உங்கள் மணமக்களின் கோடும் அங்கேதான் போக வேண்டும். போலிப் படங்களைப் பிடிக்கும் ஹனி ஃபரீத் போன்ற ஆய்வாளர்களும் இந்த மாதிரி நிழல் கோடுகளை வைத்தே பார்க்கிறார்கள்.

நிழலின் விளிம்பையும் கவனியுங்கள். வானத்தில் சூரியன் அரை டிகிரி அகலம். அதனால் பொருளுக்கும் நிழலுக்கும் இடையே 1 மீட்டர் தொலைவுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் நிழலின் விளிம்பு கலையும். பாதத்தருகே கூர்மை, தலைநிழல் மங்கல். மென்பொருள் தானாகப் போடும் டிராப் ஷேடோ நிழல் எல்லா இடத்திலும் ஒரே அளவு மங்குவதால்தான் காட்டிக்கொடுக்கிறது.

நிறத்துக்கு அளவுகோல் வெள்ளை வேட்டிதான். சூரியன் பக்கம் ஆரஞ்சு, எதிர்ப்பக்கம் வானத்தின் நீலம். ஆள் முழுக்க ஆரஞ்சைத் தடவினால் மஞ்சள் காமாலை மாதிரி ஆகிவிடும். அப்படியே கண்மணியையும் பெரிதாக்கிப் பாருங்கள்: ஸ்டூடியோவில் எடுத்த படமென்றால், ஏரிக்கரையில் நிற்கும் பெண்ணின் கண்ணில் அங்கிருந்த சதுர சாஃப்ட்பாக்ஸ் விளக்கு மின்னும்!

பழகுவதற்கு ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குப் பின்னால் ஒரு பொம்மையைச் செங்கல் மேல் நிறுத்துங்கள். ஒரு பக்கம் டார்ச். தாழ்வாக ஒரு படம், உயரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். போட்டோஷாப்பிலோ ஜிம்ப் என்ற மென்பொருளிலோ உண்மைப் பிரதிபலிப்பை அழித்துவிட்டு, நீங்களே ஒன்று செய்து, அசலோடு ஒப்பிடுங்கள். முதலில் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் ஒப்பிடுவது நல்லது. அதில் பொருந்தாதது வண்ணத்திலும் பொருந்தாது.